சகலை ஏறின கப்பல்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் சுப்புராஜின் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு. வாசலில் தொங்கிய போர்டில் கப்பல் படம் போட்டிருக்கும். வரைந்த பெயிண்டருக்குக் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கப்பலுக்கு பஸ்ஸில் இருப்பதுபோல வரிசையாக ஜன்னல் வைத்து, முன்னால் இரண்டு ஹெட்லைட்டும் போட்டுவிட்டான். சுப்புராஜ் அதை மாற்றச் சொல்லவில்லை. "நம்மாளுகளுக்கு ஹெட்லைட்டு இருந்தாத்தேன் நம்பிக்கை வரும்" என்று விட்டுவிட்டார்.

பாஸ்போர்ட் எடுத்துக் கொடுப்பது, விசா வாங்கிக் கொடுப்பது, கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுப்பது, இதுதான் அவர் தொழில். அறுபதுகளில் தொழிலுக்கு வந்தபோது பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடை வேலைக்குப் போகிறவர்கள்தான் மாடியேறி வந்தார்கள். எழுபதுகள் பிறந்ததும் வேறு மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பஞ்சிலும் வத்தலிலும் நாலு காசு பார்த்துவிட்ட வியாபாரிகள், சும்மா கப்பலில் போய் நிற்கிற ஊரிலெல்லாம் இறங்கிப் பார்த்துவிட்டு, அதே கப்பலில் திரும்பி வர ஆசைப்பட்டார்கள். கப்பல் நிற்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விசா வேண்டும். திருச்சுழி, மல்லாங்கிணறு, பாலவனத்தம் என்று மழை எட்டிப் பார்க்காத ஊர்களிலிருந்தெல்லாம் கடலைக் கடக்க ஆள் வந்தது. எல்லாரையும் கடத்திவிட்ட சுப்புராஜ் மட்டும் கப்பலில் கால் வைத்ததில்லை. மெட்ராஸ் துறைமுகத்துக் கரையோடு சரி.

விசா ஆபீஸில் கேட்கிற கேள்விகளில் ஒன்றே ஒன்றுதான் கண்டம். அங்கே உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்பார்கள். சுற்றிப் பார்க்கிறேன் என்று போய், சொந்தக்காரன் கடையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். ஆகவே ஒருத்தரும் இல்லை, கப்பலில் போய்க் கப்பலில் திரும்புகிறேன் என்று சொன்னால்தான் முத்திரை விழும். நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றுதான் வாயில் வராது. வேறு எந்தப் பொய்யையும் கூசாமல் சொல்வார்கள், எனக்கு ஒருத்தரும் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அதனால் சுப்புராஜ் ஒவ்வொருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து, தானே ஆபீஸராகி விறைப்பாகக் கேட்டு ஒத்திகை பார்ப்பார்.

"அங்க ஒங்களுக்கு யாரும் இருக்காகளா?"

திருச்சுழிக்காரர் சீனிச்சாமி நெஞ்சை நிமிர்த்துவார். "இல்லாம என்ன? எங்க சித்தப்பா மகன் இருக்காரு. அவரு மச்சினன் பெரிய கடை வச்சிருக்காரு. எங்க ஊர்க்காரவுக ஒரு தெருவே இருக்காகளே!"

"போச்சு. விசா போச்சு. எந்திரிச்சு ஊருக்குப் போங்க."

"யாருமில்லன்னு சொன்னா என்னய அநாதப் பயன்னு நெனைக்க மாட்டானா?"

"நெனைச்சுட்டுப் போறான். ஒங்களுக்குப் பொண்ணா குடுக்கப் போறான்?"

இப்படி மடக்கி மடக்கிக் கேட்டு, வாயில் பதில் பழகும்வரை படியிறங்க விடமாட்டார். சுப்புராஜ் கைபட்ட ஆளுக்கு விசா இல்லை என்று திரும்பியதில்லை என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு அவர் காதிலும் விழும். விழுந்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

இத்தனை கெட்டிக்காரருக்கும் ஒரு வியாதி இருந்தது. அதன் பெயர் ஐயாத்துரை.

ஐயாத்துரை வேறு யாருமில்லை, அவருடைய சகலை. பாளையம்பட்டி ரத்தினத்தின் மூத்த மகள் சௌந்தரத்தை ஐயாத்துரை கட்டியிருந்தார், இளையவள் கஸ்தூரியைச் சுப்புராஜ் கட்டியிருந்தார். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்கள் தராசின் இரண்டு தட்டு மாதிரி. யாரும் நிறுத்துப் பார்க்காவிட்டாலும் தாங்களே நிறுத்துப் பார்த்துக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் இரண்டு தட்டும் ஏறக்குறையச் சமமாகத்தான் நின்றன. ஐயாத்துரை மிளகாய் வத்தல் மண்டி வைத்தார். ஒரு வருஷம் வத்தல் விலை ஏறுகிறது என்றால் அவர் குடோனில் மூட்டை இருக்கும். இறங்குகிறது என்றால் முந்தின வாரமே விற்றிருப்பார். கார் வாங்கினார். அதற்குப் பிறகு சுப்புராஜ் மண்டித் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டார். போனால் காரை நிறுத்தி, "ஏறுங்க சகலை" என்பார் ஐயாத்துரை. அந்த மனுஷனிடம் கர்வம் இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். அதுவும் கிடையாது. அதுதான் சுப்புராஜுக்கு இன்னும் எரிந்தது.

மாமனார் வீட்டில் கறிச்சோறு போட்டால் மாமியார் சங்கரம்மாள் நல்லி எலும்பை ஐயாத்துரை இலையில்தான் வைப்பாள். சுப்புராஜ் இலைக்கு ஈரல் வரும். ஈரலுக்கு என்ன குறைச்சல் என்று கேட்கக்கூடாது. நல்லியைத் தட்டி உறிஞ்சுகிற சத்தம் பக்கத்து இலையிலிருந்து கேட்கும்போது ஈரல் மண்ணாகத்தான் இருக்கும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது கஸ்தூரியின் சிரிப்பு. அக்காள் புருஷனைக் கொழுந்தியாள் கேலி பேசுவது ஊரில் உள்ள முறைதான், அதில் யாரும் தப்புச் சொல்ல முடியாது. "என்ன அத்தான், வத்தல் மூட்டைக்கு நடுவுல ஒக்காந்து ஒக்காந்து நீங்களும் செவந்துட்டீக?" என்பாள். "ஒங்கக்கா தினம் அரைச்சு ஊத்துறாளே, செவக்காம என்ன செய்வேன்?" என்பார் அவர். உடனே கஸ்தூரி சிரிப்பாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். சுப்புராஜ் தன் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டதேயில்லை. அவளைப் பற்றி அவர் மனசில் ஒரு துளி சந்தேகமும் இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் என் பெண்டாட்டியிடம் இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது, அதை எடுக்கத் தெரிந்தவன் வேறு ஒருவன் என்று நினைக்கும்போது நெஞ்சில் வத்தல் நெடி ஏறும்.

இந்த வீட்டில் இன்னொரு ஆளும் உண்டு, ஊரில் இல்லாத ஆள். இரண்டு பெண்களுக்கும் மூத்தவனான நல்லகண்ணு. கஸ்தூரி பாவாடை கட்டத் தெரியாத வயசில் பினாங்குக்கு மளிகைக்கடை வேலைக்குப் போனவன். தங்கைமார் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. வருகிறவர்கள் கையில் கோடாலித் தைலமும் வாசனைச் சோப்பும் கொடுத்து அனுப்புவான். கஸ்தூரிக்கு அவன் முகம் ஞாபகமில்லை. பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பூக்குழி காட்டினது மட்டும் ஞாபகம். "ஒசரம் மட்டுந்தேன் தெரியிது, ஆளத் தெரியல" என்பாள்.

கல்யாணமான புதிதில் சுப்புராஜ் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். "ஏந் தொழிலே அதுதான? ஒங்கண்ணன் முன்னால ஒன்னயக் கொண்டுபோயி நிறுத்தாட்டி நா எதுக்கு?" சொன்னது சொன்னபடி நடக்கவில்லை. ஊரார் சம்பாதித்து ஊரார் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுச் செலவும் தன் தங்கச்சி கல்யாணமும் போக கப்பல் டிக்கெட்டுக்கு மிஞ்சவில்லை. கஸ்தூரி ஞாபகப்படுத்தவும் இல்லை. அவர் ஆபீஸிலிருந்து வந்து, இன்றைக்கு இன்னார் பினாங்கு போகிறார் என்றால், "அப்படியா, நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டு வைப்பாள்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் ஐயாத்துரை மாடியேறி வந்தார். மெட்ராஸில் ஒரு கம்பெனி கப்பல் டூர் விடுகிறதாம். பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர், ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் பார்க்க நேரம் உண்டாம்.

"நானும் ஒங்க மயினியும் போலாம்னு இருக்கோம் சகலை. பினாங்குல மச்சானப் பாத்துட்டு வரலாம்ல. பேப்பர் வேலையெல்லாம் ஒங்க பொறுப்பு."

"ஆகட்டும் அண்ணாச்சி" என்றார் சுப்புராஜ். வயிறு பற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இது பழகின நெருப்பு.

"ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்கிராதீக. கஸ்தூரியும் வரட்டும். நீங்களும் வாங்க. டிக்கெட்டு எம் பொறுப்பு. அண்ணனைப் பாக்க ரெண்டு தங்கச்சியும் சேந்து போனா எப்படி இருக்கும்!"

பினாங்குக் கரையில் இறங்க, அந்த மேஜை முன்னால் உட்கார்ந்து இத்தனை வருஷம் ஆசைப்பட்டவர் சுப்புராஜ். அது இதோ வாசல்படி ஏறி வந்து நிற்கிறது, அடுத்தவன் காசில். அவருக்குக் காது சூடாகிவிட்டது.

"எனக்குச் சீசன் நேரம் அண்ணாச்சி. ஜோலி கெடக்கு" என்றார்.

"அப்பக் கஸ்தூரியாவது வரட்டும்" என்று எழுந்தார் ஐயாத்துரை. அவர் அங்கிருந்து நேராகச் சுப்புராஜ் வீட்டுக்குப் போய்க் கஸ்தூரியிடமும் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சுப்புராஜ் வீட்டுக்குப் போனபோது கஸ்தூரி வாசலிலேயே நின்றாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் முகம் கேட்டது. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "போயிட்டு வா" என்றார். சொன்ன கையோடு, நான் வாக்குக் கொடுத்தேன், அவன் கூட்டிப்போகிறான் என்று நினைத்தார். அந்த நினைப்பு ராப்பகலாக உட்கார்ந்து அவரை அரித்தது.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனார்கள். சிரிக்கக்கூடாது என்றார் ஸ்டுடியோக்காரர். கஸ்தூரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுபடி மறுபடி எடுத்தும் உதட்டோரத்தில் அது நின்றுகொண்டது. அந்தப் படத்தைச் சுப்புராஜ் ஆபீஸில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இந்தச் சிரிப்பும் எனக்கில்லை என்று மேஜை டிராயரை அறைந்து சாத்தினார்.

ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மை குத்தி, காலரா ஊசி போட்டு, மஞ்சள் அட்டைப் புத்தகத்தில் முத்திரை வாங்கினாள். கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. "வலிக்குதா?" என்று கேட்டார். "வலிச்சா என்ன? அண்ணனைப் பாக்கப் போறோம்ல" என்றாள். போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தபோது தெருவே கூடிவிட்டது. கஸ்தூரி கப்பல் ஏறப்போகிறாள் என்று ஊரெல்லாம் பரவியது. எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் வந்து, "ஒங்க அத்தானுக்குத் தங்கமான மனசும்மா" என்றாள். தங்கமாம்! சுப்புராஜ் உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடித்தார்.

ஐயாத்துரை தம்பதியை அவர் முதலில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய், பெஞ்சு ஒத்திகையெல்லாம் முறைப்படி செய்து, உள்ளே அனுப்பினார். இரண்டு பேரும் ஒருத்தரும் இல்லை என்று சொல்லி, ஜாம்ஜாமென்று விசாவோடு வந்தார்கள். கஸ்தூரியின் பாஸ்போர்ட் வரப் பிந்தியதால் அவளைப் பிறகு தனியாகக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

அவளுக்கு அவர் ஒத்திகை வைக்கவில்லை.

வேண்டுமென்று வைக்கவில்லையா, மறந்தாரா என்று யாரும் யோசித்துக் கஷ்டப்பட வேண்டாம். வேண்டுமென்றுதான். ரயிலில் ராத்திரி முழுக்க அவள் எதிர் சீட்டில்தான் இருந்தாள். சொல்ல எவ்வளவோ நேரம் இருந்தது. சொல்லவில்லை. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை எல்லோருக்கும் தெரியும். அறுக்கிற நேரத்தில் அவனுக்கு வலிக்காது என்பது சுப்புராஜுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விசா ஆபீஸ் வாசலில் கூட்டம் நின்றது. விண்ணப்பம் போட்டவரை மட்டும் உள்ளே விட்டார்கள். கஸ்தூரி ஊதாப் பட்டுச் சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்திருந்தாள். கேட்டருகே நின்று திரும்பினாள்.

"என்ன கேப்பாக? நா எப்படிச் சொல்லணும்?"

பெஞ்சில் உட்கார்ந்த எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில் அவர் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"கேக்குறதுக்கு உள்ளதச் சொல்லு" என்றார். "பொய் சொன்னா மாட்டிக்கிருவ."

"அண்ணன் இருக்காரான்னு கேட்டா?"

"இருக்காருன்னு சொல்லு. பாக்கத்தேன் போறேன்னு சொல்லு."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். புருஷன் கூட வராமல் தனியாகப் போகிற பெண், அங்கே கூடப்பிறந்தவன் இருக்கிறான் என்று தன் வாயாலேயே சொல்லப்போகிறாள். இதற்கு மேல் வேறு எதுவும் வேண்டாம். ஓடிப்போய்க் கேட் வழியாக ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அவள் திரும்பிப் பார்ப்பாள். சுப்புராஜ் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொன்னார். ஐயாத்துரை கப்பல் மேல்தட்டில் நின்று ஏதோ சொல்ல, கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற காட்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

அவள் வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது.

"இல்லன்னுட்டாக" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. சுப்புராஜும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது?

எழும்பூரில் ரயிலேறுமுன் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டாள். ரயில் கிளம்பியதும் அவருக்குப் பசித்தது. பல நாட்களுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். விடியும்போது பார்த்தால் கஸ்தூரி ஜன்னலோரம் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். தூங்கினமாதிரி தெரியவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "ஊருக்கெல்லாம் விசா வாங்கிக் குடுக்குற மகராசன், பொண்டாட்டிக்கு வாங்கத் தெரியல" என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். பாலவனத்தத்துக்காரர் ஒருத்தர் கொடுத்த காகிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு மதுரை ஏஜென்டிடம் போய்விட்டார். அதையும் சுப்புராஜ் பொறுத்துக்கொண்டார். ஐயாத்துரை மட்டும் விடவில்லை.

"மெட்ராஸுல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு சகலை. ஒரு வாட்டி கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி!" சுப்புராஜின் குரல் அவருக்கே கூடுதலாகக் கேட்டது. "இல்லைன்னு சொன்னது இல்லைதேன். திரும்பப் போனா ஒங்க விசாவுக்கும் வெனை வந்துரும்."

அது சுத்தப் பொய். ஆனால் தொழில்காரன் சொன்னால் யார் மறுப்பார்கள்? ஐயாத்துரை பாவம், பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார். கஸ்தூரி முற்றத்தில் மோர் மிளகாய் காயவைக்கிற வேலையைப் பார்த்தாள். கருப்பட்டி மிட்டாய் வாங்கி வரச் சொன்னாள். காராச்சேவு வாங்கினாள். எல்லாவற்றையும் ஒரு பெரிய துணியில் கட்டி, அக்காளிடம் கொடுத்துவிட நானும் துறைமுகத்துக்கு வருவேன் என்றாள். அவள் கேட்டது அந்த ஒன்றுதான்.

கப்பல் புறப்படுகிற நாளில் மெட்ராஸ் துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. மாலையும் கையுமாகக் கூட்டம். சுப்புராஜ் காகிதங்களை வைத்துக்கொண்டு சுங்க அதிகாரியிடம் ஐயாத்துரையைக் கூட்டிப் போனார், முத்திரை வாங்கினார், பெட்டிகளைச் சேர்த்தார். எல்லாம் முடிந்து, வழியனுப்ப வந்தவர்கள் நிற்கிற கம்பி வேலியோரம் வந்தபோது, சௌந்தரம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அழுகை கோபமாகிவிட்டது.

"ஏங்க தம்பி, சீனிச்சாமிக்கு வாங்கிக் குடுத்தீக. சோணைமுத்துக்கு வாங்கிக் குடுத்தீக. போற வார பயகளுக்கெல்லாம் வாங்கிக் குடுத்தீக. எந் தங்கச்சிக்கு மட்டும் ஒங்க கை வெளங்கலையா? அண்ணன் கேட்டா நா என்ன சொல்லுவேன்?"

ஐயாத்துரை, "விடு சௌந்தரம், அவரு என்ன செய்வாரு?" என்றார். சகலை தனக்காகப் பரிந்து பேசுவதைக் கேட்க அந்த நிமிஷத்தில்கூடச் சுப்புராஜுக்குக் கசந்தது.

"அவுகளச் சொல்லாதக்கா" என்றாள் கஸ்தூரி. "அவுக மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தேன் கெடுத்துக்கிட்டேன்."

"நீ என்ன செஞ்ச?"

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த ஆபீஸரய்யா நல்லாத்தேன் பேசுனாரு. அண்ணன் இருக்காருன்னேன், பாத்து ரொம்ப வருசம் ஆச்சுன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. பெறகு, ஒன் வீட்டுக்காரர் பேரு என்னன்னாரு."

"ஆத்தாடி!" என்றாள் சௌந்தரம்.

"எப்பிடிக்கா சொல்லுவேன்? தாள்ல எழுதியிருக்கு, வாசிச்சுக்கோங்கன்னேன். நீ வாயால சொல்லும்மான்னாரு. வெளிய நிக்கிறாக, கூப்புட்டுக் கேட்டுக்கோங்கன்னேன். அதெல்லாம் கூப்புட முடியாது, சொல்லுன்னாரு. சொல்லத்தேன் பாத்தேங்க்கா. நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. வாய்க்கு வரல. அவுக பேர நாஞ் சொல்லி அவுகளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? பேசாம நின்னேன். புருசன் பேரு தெரியாதவ என்ன பொம்பளன்னு நெனச்சுட்டாரு போல. இல்லன்னு எழுதிட்டாரு."

"எனக்கு இவுக பக்கத்துல நின்னு இவுகளே சொல்லிட்டாக" என்று சௌந்தரம் ஐயாத்துரையைப் பார்த்தாள். "தனியாப் போயி மாட்டிக்கிட்டியேடி."

"இத இந்நேரம் வரைக்கும் அவுககிட்டக்கூட நாஞ் சொல்லலக்கா. சொன்னா, எம் பேருக்காக அண்ணனை விட்டியான்னு வருத்தப்படுவாகன்னு இருந்துட்டேன்."

சுப்புராஜ் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மாடி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்த எத்தனையோ பெண்களை, புருஷன் பெயரை உரக்கச் சொல்லவைத்துப் பழக்கி அனுப்பியிருக்கிறார் அவர். கண்ணை மூடிக்கொண்டாவது சொல்லு தாயி என்று கெஞ்சியிருக்கிறார். அதைக்கூட இவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. விசா போனது அந்தப் பெயரால் இல்லை, அண்ணன் இருக்கிறான் என்ற பதிலால் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பதிலைக் கொடுத்தனுப்பியது யார் என்றும் தெரியும். அத்தானிடம் இவள் சிந்துகிற ஒரு சிரிப்பை எண்ணி எண்ணி வெந்தோமே, இவள் நம் பெயரை இப்படி வைத்திருந்தாளே என்று நினைத்தார். அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

மூட்டை கைமாறியது. "மோர் மொளகாய அண்ணன் பாத்து வறுக்கணும்னு சொல்லு, கருக விட்டுரப்போறாக" என்றாள் கஸ்தூரி. அக்காளும் அத்தானும் ஏணியேறிப் போனார்கள். கப்பல் ஊதியது. மேல்தட்டில் எல்லோரும் துண்டையும் கைக்குட்டையையும் வீசினார்கள். ஐயாத்துரை தலைக்குமேல் கையைத் தூக்கிக் கும்பிட்டார். கும்பிட்டது சகலையைப் பார்த்தா, கொழுந்தியாளைப் பார்த்தா என்று தெரியவில்லை. சுப்புராஜ் பதிலுக்குக் கையைத் தூக்கினார்.

கூட்டம் கலைந்தது. கஸ்தூரி மட்டும் கம்பியை விட்டு நகரவில்லை. கப்பல் சிறுத்துப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதே மாதிரிக் கப்பல் அடுத்து எப்பங்க வரும்?"

"வருசம் திரும்பித்தேன் இருக்கும்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார். கஸ்தூரி, நான்தான், என்று ஆரம்பித்தால் போதும். மீதி தானாக வந்துவிடும். ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"அதுக்குள்ள நா பழகிக்கிருவேன்" என்றாள்.

அக்கம்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். சத்தம் வெளியே வரவில்லை. பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, எதிரே ஆபீஸர் இருப்பதுபோல நேராக நிமிர்ந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரவுக பேரு சுப்புராஜ்."

சொன்னதும் பதறிப்போய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆபீஸரு கேட்டா இம்புட்டுச் சத்தம் போதுமாங்க?"

"போதும்" என்றார் சுப்புராஜ்.